இவ்வாறு அவர் கூறினார்

சூலூர் பிரிவில் ஒருவர் லாரியில் அடிபட்டால், மறுநாள் காலை டீக்கடைப் பெஞ்சில் அவருடைய வயது மூன்று விதமாகக் கிடக்கும். தினத்தந்தியில் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு ‘வயது 45’ என்று இருக்கும். தினமணியில் அடைப்புக்குறிக்குள் வெறும் 45. தினமலரில் பெயர், ஒரு கமா, அப்புறம் 45. ஆள் ஒருவர்தான், வயதும் ஒன்றுதான். தலைப்பை மறைத்து வைத்துவிட்டு எந்தப் பத்திரிகை என்று கண்டுபிடிக்கிற பந்தயம்கூட அந்தப் பெஞ்சில் நடக்கும். நான் பகுதிநேர நிருபராகச் சேர்ந்த புதிதில் நடைவிதி என்றால் இந்தக் கமா, அடைப்புக்குறி சமாசாரம் என்றுதான் எல்லோரும் சொல்லித் தந்தார்கள். வயதை எழுதும் விதம் அந்த விதிகளில் கடைசிப் பக்கத்து வரி. முன்பக்கங்கள் முழுக்க மனிதர்களைப் பற்றியவை என்று சொல்லித் தந்தவர் அண்ணாச்சி.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சூலூர், கோவையிலிருந்து திருச்சி ரோட்டில் கிழக்கே அரைமணி, முக்கால்மணி பஸ் தூரம். காங்கேயம்பாளையம் பக்கம் விமானப்படைத் தளம், ஊரைச் சுற்றி விசைத்தறிக் கூடங்கள், நொய்யல் தண்ணீர் வந்து சேரும் பெரிய குளம், சின்னக் குளம். நிருபரின் வேலையும் இதற்குள் அடக்கம்: பேரூராட்சிக் கூட்டம், தறிக்கூலிப் போராட்டம், குளத்தில் ஆகாயத்தாமரை, திருச்சி ரோட்டு விபத்து, கோயில் கும்பாபிஷேகம். எழுதியதைக் கவரில் போட்டு ஒட்டி, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் சிங்காநல்லூரில் ஆபீஸ் பையன் வாங்கிக்கொள்வான். இதற்குப் பஸ் கவர் என்று பெயர். ஒரு தாளில் ஒரு செய்தி, தாளின் ஒரு பக்கம் மட்டும், இடது ஓரம் இரண்டு விரல் இடம். அந்த இரண்டு விரல் இடம் அண்ணாச்சியின் சிவப்புப் பேனாவுக்கு.

அண்ணாச்சி திருநெல்வேலிக்காரர். மாவட்டப் பக்கத்துக்குப் பொறுப்பு. ஆபீஸில் எல்லோருக்குமே அவர் அண்ணாச்சிதான். அவர் மேஜை டிராயரில் பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருக்கும். முதல் பக்கத்தில் ‘விதிகள்’ என்று தலைப்பெல்லாம் கிடையாது. திறந்தால் ‘எழுதாதே’, ‘சேர்க்காதே’, ‘முந்தாதே’ என்று பெரும்பாலான வரிகள் ஏகாரத்தில்தான் முடியும். “நல்லா எழுதுறதுக்கு யாரும் விதி போட முடியாது டே. கெடுதல் பண்ணாம எழுதுறதுக்குத்தான் விதி” என்பார்.

அவர் பழகியது ஆதித்தனார் பள்ளி. சி.பா. ஆதித்தனார் 1942 நவம்பர் 1ம் தேதி மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கியபோது, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் புரிய வேண்டும் என்பதையே பத்திரிகையின் இலக்கணமாக வைத்தார். பேசுகிற தமிழில் கொச்சையை மட்டும் நீக்கிவிட்டு எழுது, சின்ன வாக்கியமாக எழுது என்பது அவருடைய ‘இதழாளர் கையேடு’ சொல்லும் வழி. இதே பாடம் கடல் கடந்தும் நடந்திருக்கிறது. 1917ல் பதினெட்டு வயது ஹெமிங்வே அமெரிக்காவின் ‘கன்சாஸ் சிட்டி ஸ்டார்’ பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்தபோது அவர் கையில் கொடுத்த நடைத்தாளிலும் முதல் விதி சின்ன வாக்கியம், சின்ன முதல் பத்தி என்பதுதான். பிற்காலத்தில் எழுத்துக்குத் தான் கற்ற நல்ல விதிகள் அவைதான் என்று அவர் சொன்னதுண்டு.

ஆனால் தமிழில் சின்ன வாக்கியம் எழுதுவது தனிப் பாடு. நம் வினைமுற்று கடைசியில்தான் வரும். அதுவரைக்கும் எச்சங்களாக அடுக்கிக்கொண்டே போகலாம், இலக்கணம் தடுக்காது. அந்தக் காலத்து விபத்துச் செய்தி ஒன்று இப்படித்தான் இருக்கும்: ‘சூலூரில் இருந்து பல்லடம் நோக்கி இருசக்கர வாகனத்தில் சென்று கொண்டிருந்தபோது எதிரே அதிவேகமாக வந்த லாரி எதிர்பாராதவிதமாக மோதியதில் தூக்கி வீசப்பட்டு ரத்த வெள்ளத்தில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த அவரை அக்கம்பக்கத்தினர் மீட்டு கோவை அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற நிலையில் சிகிச்சை பலனின்றி பரிதாபமாக உயிரிழந்தார்.’ ஆள் பிழைத்தாரா, போனாரா என்று தெரிய வாசகர் கடைசிச் சொல் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும்.

இதை அண்ணாச்சி என் முன்னால் வைத்துத் திருத்தினார். ‘அதிவேகமாக’ என்ற இடத்தில் பேனா நின்றது. “வேகத்தை யாரு அளந்தா?” பார்த்தவர்கள் சொன்னார்கள் என்றால் பார்த்தவர்கள் சொன்னதாக எழுத வேண்டும். போலீஸ் வழக்கில் இருந்தால் போலீஸ் சொன்னதாக எழுத வேண்டும். நாமாகப் போட்டால் அந்த லாரி டிரைவருக்குக் கோர்ட்டுக்கு முன்னால் நாம் தீர்ப்பு எழுதிவிட்டோம் என்று அர்த்தம். ‘எதிர்பாராதவிதமாக’ அடுத்துப் போனது, எதிர்பார்த்து யாரும் மோதுவதில்லை. ‘ரத்த வெள்ளத்தில்’ போனது, காலையில் பத்திரிகையைப் பிரிப்பது இறந்தவருடைய பெண்ணாகவும் இருக்கலாம். ‘பரிதாபமாக’ என்ற சொல்லைச் சுழித்துவிட்டு, பரிதாபம் இல்லாத சாவு எது என்று கேட்டார். மிஞ்சியது நாலு வரி. யார், எங்கே, எப்போது, எப்படி, யார் சொன்னது. படித்துப் பார்த்தேன், முன்னைவிடக் கனமாக இருந்தது.

கடைசி வரி ஒன்று உண்டு, எல்லா நிருபருக்கும் கை தானாக எழுதும்: ‘இச்சம்பவம் அப்பகுதியில் பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது.’ இதற்கான தண்டனையைச் சூலூரே கொடுக்கும். கலங்கல் ரோட்டில் ஒரு திருட்டுக்கு இப்படி ஒரு பத்திரிகை முடித்திருந்தது. டீக்கடையில் ஒரு பெரியவர் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “ஏனுங் தம்பி, நாங்க ஊட்டுக்காரங்க எல்லாம் அங்கயேதானுங் இருந்தோம். ஒரு பரபரப்பையுங் காணமே?” சுற்றி ஒரே சிரிப்பு. நகரத்து நிருபருக்குக் கிடைக்காத ஆசிரியர் இவர். எழுதப்பட்டவரும், எழுதினவரும், படிப்பவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிக்கிற ஊரில் செய்திக்குச் சாட்சி எப்போதும் பக்கத்திலேயே இருப்பார்.

ஊருக்கு ஊர் வழக்கு மாறுவதும் விதியைச் சோதிக்கும். கொங்கில் காடு என்றால் மானாவாரி நிலம். காட்டுக்குப் போகிறேன் என்றால் சோளம் விதைத்த மேட்டுநிலத்துக்குப் போகிறேன் என்று பொருள். செலக்கரச்சல் பக்கம் காட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெண் மேல் இடி விழுந்ததாக ஒருவர் அனுப்பிய செய்தி, மேஜையில் யார் கையிலோ ‘வனப்பகுதியில்’ என்று மாறி வந்துவிட்டது. செலக்கரச்சலில் ஏது வனம்? வனத்துறையிலிருந்தே போன் வந்தது. மறுநாள் நோட்டில் ஒரு வரி ஏறியது: ‘நிருபர் எழுதிய ஊர்ச்சொல் புரியாவிட்டால் மாற்றாதே, போன் போட்டுக் கேள்.’ மாவட்டப் பக்கத்தில் காடு காடாகவே இருக்கலாம், மாநிலப் பக்கத்துக்குப் போகும்போது விளைநிலம் ஆகட்டும் என்று முடிவாயிற்று.

இவற்றையெல்லாம்விட எனக்குப் பெரிய பாடமாக இருந்தது ஒரு சின்ன வால். தமிழ்ப் பத்திரிகையில் யார் பேசினாலும், ‘அவர் கூறியதாவது’ என்று தொடங்கும், ‘இவ்வாறு அவர் கூறினார்’ என்று முடியும். ஆங்கிலப் பத்திரிகையில் மேற்கோள் குறி செய்யும் வேலையை நம்மிடம் இந்த இரண்டு வரிகளும் செய்கின்றன. நிலத்துக்கு எல்லைக்கல் நட்டது போல, இதற்கு இடையில் இருப்பது அவருடைய வார்த்தை, வெளியே இருப்பது எங்கள் வார்த்தை. படிக்கிறவர்கள் இந்த வரியைப் படிப்பதே இல்லை, கண் தாண்டிப் போய்விடும். அது இல்லாத அன்றைக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இன்னொரு விதியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். முக்கியமானதை முதலில் எழுது, முக்கியம் குறையக் குறையக் கீழே வை என்பது உலகம் முழுக்கப் பத்திரிகைக்காரர்கள் படிக்கிற தலைகீழ்ப் பிரமிடு. தந்திக் கம்பி அறுந்தாலும் தலைச்செய்தி போய்ச் சேர்ந்திருக்கும், விளம்பரம் வந்து இடம் குறைந்தால் அடியில் இருந்து வெட்டிக்கொள்ளலாம். ஆங்கிலத்துக்கு இது சரியாகப் பொருந்தும். தமிழில் அடியில் வெட்டினால் முதலில் போவது ‘இவ்வாறு அவர் கூறினார்’.

ஒரு பேரூராட்சிக் கூட்டத்தில் கவுன்சிலர் ஒருவர், குளத்து வண்டல் மண் எடுத்ததில் முறைகேடு என்று பேசினார். கூறியதாவது போட்டு அவர் பேச்சை எழுதி, கூறினார் போட்டு முடித்து, தலைவர் அளித்த பதிலை அடுத்த பத்தியில் எழுதி அனுப்பியிருந்தேன். அன்று இரவு ஏதோ நகைக்கடை விளம்பரம் கடைசி நேரத்தில் வந்திருக்கிறது. பக்கம் கட்டியவர் செய்தியை அடியில் இருந்து ஒன்பது வரி வெட்டிவிட்டார். பதிலும் போயிற்று, எல்லைக்கல்லும் போயிற்று. காலையில் பார்த்தால், முறைகேடு நடந்தது என்று பத்திரிகையே சொல்வது போல முடிந்திருக்கிறது. பத்து மணிக்குள் தலைவரின் ஆட்கள் என் வீட்டுத் திண்ணையில். “தம்பி, அவரு சொன்னாருன்னு போட்டிருந்தா நாங்க ஏனுங் வரப்போறம்? நீங்களே சொல்லிப்போட்டீங்களே!” கோபத்திலும் ‘ங்’ போடுவது கொங்கு நாட்டு மரியாதை. அவர்கள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

மறுநாள் பத்திரிகையில் தலைவரின் பதில் அதே பக்கத்தில், அதே அளவில் வந்தது. அண்ணாச்சி பக்கம் கட்டுகிறவர்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்: “வாலை வெட்டணும்னா வெட்டு. வால் நுனியை எடுத்துத் திரும்ப ஒட்டிட்டு வெட்டு.” இன்றைக்கும் எந்தச் செய்தியைத் திறந்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்த நுனி இருக்கிறதா என்றுதான். அது இல்லாத செய்தியில் பேசுவது யார் என்று வாசகருக்குத் தெரியாது. ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘சொல்லப்படுகிறது’ என்ற சொற்கள் பிறப்பதும் அங்கேதான். யார் கூறினார், யாருக்குத் தெரிகிறது என்ற கேள்விக்குப் பதில் இல்லாதபோது நிருபர் போய் ஒளிந்துகொள்ளும் இடம் அது. தறிக்கூலிப் போராட்டம் வந்தால் தினமும் இத்தனை கோடி ரூபாய் உற்பத்தி இழப்பு என்று ஒரு கணக்கு வரும். அந்தக் கணக்கைச் சொன்னது ஜவுளி உற்பத்தியாளர் தரப்பா, கூலிக்கு நெசவு செய்யும் விசைத்தறியாளர் சங்கமா என்பதைப் போடாமல் தொகையை மட்டும் போட்டால், தறி ஊரான சோமனூரில் ஒரு தரப்புக்கு நாம் ஆள் சேர்த்தவர்கள் ஆகிவிடுவோம்.

தமிழில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நம் வினைமுற்றே ஆளை எடைபோட்டுவிடும். கைது செய்யப்பட்டான், கைது செய்யப்பட்டார்: ஒரே ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். அந்த நாட்களில் செருப்பு தைப்பவர், கூலிக்காரர், சிறுதிருட்டில் பிடிபட்டவர் எல்லாம் ‘ன்’. கோடிக்கணக்கில் சீட்டுப்பணம் சுருட்டியவர் ‘ர்’. இதற்கு எந்தக் கையேட்டிலும் விதி எழுதியிருக்காது, கை பழகிய பழக்கம். அண்ணாச்சி நோட்டில் இதற்கு எதிராக ஒரு வரி இருந்தது: ‘பிடிபட்டவன் எல்லாம் செய்தவன் அல்லன். கோர்ட் சொல்லும் வரை ர் போடு. கோர்ட் சொன்ன பிறகும் ர் போடு.’ இன்று பெரும்பாலான நாளிதழ்கள் ‘ர்’ போடுகின்றன. திருட்டு வழக்கில் பெயர் வந்து, பிறகு விடுதலையாகி, அதே தறிக்கூடத்துக்கு வேலைக்குத் திரும்புகிறவருக்கு அந்த எழுத்தின் எடை தெரியும்.

சாதிப் பெயர் இன்னொரு தலைவலி. செய்தியில் பெயரோடு கவுண்டர், செட்டியார், நாயுடு போடாதே என்பது விதி. ஆனால் கொங்கில் அது பலருக்கு விளிச்சொல், மரியாதைப் பெயர். ஊர்ப் பெரியவர் ஒருவர் காலமானால் வீட்டில் இருந்து ஆள் வரும்: “கவுண்டர்னு போடலீன்னா யாருன்னே ஊருக்குத் தெரியாதுங்க.” பணம் கட்டிக் கொடுக்கும் இரங்கல் விளம்பரத்தில் அந்தப் பெயர் முழுசாக வரும். அதே பக்கத்துச் செய்தியில் வராது. ஒரே தாளில் இரண்டு சட்டம். வரலாற்றுப் பெயர்களுக்கு வந்தால் இன்னும் சிக்கல். 2025 அக்டோபர் 9ம் தேதி அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரையிலான பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஜி.டி.நாயுடு பெயர் வைத்தபோது, தெருப்பெயர்களில் சாதியை நீக்க அரசே சொல்லிவிட்டு இது என்ன என்று மாநிலம் முழுக்க வாதம் நடந்தது. ஜி.டி. என்று மட்டும் எழுதினால் கோவைக்காரருக்கே யார் என்று தெரியாது என்றார்கள் ஒரு பக்கம். இந்த வாதம் பத்திரிகை மேஜைகளில் பல காலமாக நடப்பதுதான்.

விதிகளில் மிகக் கடுமையானது, பெயரே எழுதாதே என்பது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தை வெளியிடுவது, 1983ல் அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 228ஏ பிரிவு சேர்ந்தது முதலே குற்றம். குழந்தைகள் விஷயத்தில் 2012ல் வந்த போக்சோ சட்டத்தின் 23வது பிரிவு பெயர், முகவரி, பள்ளி, குடும்பம், அக்கம்பக்கம் என்று எதைச் சொன்னாலும் தடுக்கிறது. பெயர் போடாதே என்பது எல்லோருக்கும் தெரியும். அக்கம்பக்கம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று சிற்றூர் நிருபருக்குத்தான் புரியும்.

அப்படி ஒரு செய்தி வந்தது. பெயர் இல்லை. ஆனால் ஊர் இருந்தது, பிளஸ் 2 என்று இருந்தது, அப்பா தறி ஓட்டுகிறார் என்று இருந்தது. அண்ணாச்சி என்னைக் கேட்டார்: “அந்த ஊர்ல தறிக்காரர் வீட்டுப் பிள்ளைங்க பிளஸ் 2 படிக்கிறது எத்தனை?” இரண்டு, மூன்று இருக்கலாம் என்றேன். ஊர் பெயர் போய் ஒன்றியத்தின் பெயர் வந்தது. பிறகு அதுவும் போய் ‘கோவை புறநகர்’ என்றானது. பிளஸ் 2 போனது. அப்பா போனார். கைதானவர் பெண்ணுக்கு என்ன உறவு என்பது இருந்தது, அதைச் சொன்னால் பெண்ணைச் சொன்னது போலத்தான் என்று அதுவும் போனது. கடைசியில் மூன்று வரி. இதைப் போட்டு என்ன பயன் என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டார். கைது நடந்தது என்று ஊருக்குத் தெரிய வேண்டும், அதற்கு மேல் ஊருக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்று சொல்லி அச்சுக்கு அனுப்பினார்.

இந்த விதி பத்திரிகைக்காரனுக்கு மட்டும் இல்லை என்பதை 2019 பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கு காட்டியது. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரியே பேட்டியில் சொன்னார். வழக்கை சிபிஐக்கு மாற்றிய அரசாணையிலும் அந்தப் பெயர் இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. அந்த வழக்கில் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்துக் கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2025 மே 13ம் தேதி. இடைப்பட்ட ஆறு ஆண்டும், முதல் வாரத்தில் வெளியான பெயரை யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை.

தற்கொலைச் செய்திக்கும் இதே கதைதான். முன்பெல்லாம் எதைக் குடித்தார், எங்கே வாங்கினார் என்பதுதான் தலைப்பே. இந்தப் பகுதியில் மளிகைக் கடையிலேயே கிடைத்துக்கொண்டிருந்த ஒரு பொருளின் பெயர் அப்படித்தான் ஊர் ஊராகப் பரவியது. அந்தப் பெயரை இங்கேயும் எழுதப் போவதில்லை. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலை ஒட்டி இந்தியப் பத்திரிகை மன்றம் 2019 செப்டம்பரில் விதி வகுத்தது: முறையை விவரிக்காதே, இடத்தைச் சொல்லாதே, பரபரப்புத் தலைப்பு வைக்காதே. செய்திக்குக் கீழே 104, 14416 என்ற உதவி எண்கள் இப்போது வழக்கமாக வருகின்றன.

சொற்களும் இப்படித்தான் மாறின. ‘கற்பழிப்பு’ போய்ப் பாலியல் வன்கொடுமை வந்தது. ஊனமுற்றோர் மாற்றுத்திறனாளிகள் ஆனார்கள். பால்புதுமையினரை எப்படி எழுத வேண்டும் என்ற சொற்பட்டியலை, சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாகத் தமிழக அரசு 2022ல் அரசிதழிலேயே வெளியிட்டது. இவற்றில் பெரும்பாலானவற்றை எந்த ஆசிரியரும் தானாக யோசித்துக் கொண்டுவரவில்லை. பழைய சொல்லால் அடிபட்டவர்கள் வந்து கேட்டார்கள், அதனால் மாறியது.

எண்ணிக்கை எழுதும் விதியைக் கோவை 1998 பிப்ரவரி 14ம் தேதி கற்றது. சனிக்கிழமை மாலை நாலு மணிவாக்கில் தொடங்கிய தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். அது பின்னால் வந்த கணக்கு. அன்று மாலை சூலூருக்கு வந்து சேர்ந்த பஸ்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண்ணைக் கொண்டுவந்தன, நூறு, இருநூறு, ஐநூறு. எந்தச் சமூகத்தார் எத்தனை பேர் என்றும் சேர்த்துச் சொன்னார்கள். மேஜையில் அன்று இரண்டே கட்டளை: ஆஸ்பத்திரியில் பெயரோடு வந்த கணக்கை மட்டும் எழுது, இறந்தவர் எந்த மதம் என்று எழுதாதே. முந்தைய நவம்பர், டிசம்பர் கலவரத்தின் சூடு அப்போதும் ஆறியிருக்கவில்லை. ஒரு எண் கூடுதலாக அச்சில் வந்திருந்தால் அடுத்த தெருவில் என்ன நடந்திருக்கும் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பயிற்சி எங்கள் ஊருக்கே தேவைப்பட்ட நாள் 2021 டிசம்பர் 8. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் டெல்லியிலிருந்து சூலூர் தளத்தில் வந்திறங்கி, எம்ஐ-17வி5 ஹெலிகாப்டரில் 11.48 மணிக்கு வெலிங்டன் கிளம்பினார். 12.15க்கு இறங்கியிருக்க வேண்டும். 12.08க்குச் சூலூர் கட்டுப்பாட்டு அறையுடன் தொடர்பு அறுந்தது. குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்து எரிந்தது. இந்த நேரக் கணக்கெல்லாம் மறுநாள் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்ன பிறகு கிடைத்தது. அன்று மதியம் எங்களிடம் இருந்தது புகை எழும் வீடியோ ஒன்றும், நிற்காமல் அடிக்கும் போனும்தான்.

நான் அப்போது வேலையில் இருந்து விலகி ஊரோடு இருந்தேன். சூலூரில் இருக்கிறேன் என்பதாலேயே எல்லோரும் என்னைக் கூப்பிட்டார்கள், தளத்து மதிலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும் என்பது போல. டிவியில் சாவு எண்ணிக்கை நாலு, ஏழு, பதினொன்று என்று ஏறிக்கொண்டிருந்தது. சில இடங்களில் தளபதியின் பெயரோடு ‘மரணம்’ ஓடியது, சில இடங்களில் ‘சிகிச்சை’ ஓடியது. என்னிடம் வேலை பழகிய பெண் நிருபர் ஒருவர் மூன்று மணிவாக்கில் கூப்பிட்டார்.

“அண்ணா, காலமானார்னு போட்டுடலாமுங்களா? டிவியில வந்துருச்சுங்க.”

“யாரு சொன்னதாப் போட்டிருக்காங்க அம்மணி?”

“யாருன்னு போடலீங்க. தகவல்னு போட்டிருக்காங்க.”

“தகவலுக்குப் பேரு இருக்கான்னு கேளு. இல்லீன்னா விட்டுரு.”

அவர் எழுதியது இது: பதினான்கு பேர் பயணம் செய்த ஹெலிகாப்டர் விபத்துக்குள்ளானது, மீட்புப் பணி நடக்கிறது, தளபதியின் நிலை குறித்து விமானப்படை இதுவரை அறிவிக்கவில்லை. மூன்று மணி நேரம் அந்தச் செய்தி மற்ற எல்லாவற்றையும்விடப் பின்தங்கி நின்றது. மாலை ஆறு மணியைத் தாண்டி விமானப்படை அறிவித்தது: ராவத், மனைவி மதுலிகா உள்பட 13 பேர் உயிரிழந்தனர், குரூப் கேப்டன் வருண் சிங் சிகிச்சையில் இருக்கிறார். வருண் சிங் ஒரு வாரம் போராடி 15ம் தேதி பெங்களூருவில் இறந்தார். பதினான்கு பேரும் பலி என்று அந்த முதல் மாலையிலேயே யாராவது முந்தி எழுதியிருந்தால், உயிரோடு இருந்தவரின் குடும்பம் அதைப் படித்திருக்கும்.

அந்த வாரம் முழுக்க ஊரில் சதி, நாசவேலை, இயந்திரக் கோளாறு என்று ஆளுக்கு ஒரு கதை. வாட்ஸ்அப்பில் வரைபடம்கூட வந்தது. 2022 ஜனவரியில் முப்படை விசாரணைக் குழு முதற்கட்ட முடிவைச் சொன்னது: நாசவேலை இல்லை, இயந்திரக் கோளாறு இல்லை, அலட்சியமும் இல்லை. பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி மேகத்துக்குள் நுழைந்ததில் விமானிக்குத் திசையுணர்வு தப்பியது. ‘ஏன்’ என்ற கேள்விக்கு அன்றே பதில் எழுதாதே என்று அண்ணாச்சி நோட்டில் ஒரு வரி உண்டு. யார், எங்கே, எப்போது என்பவை அன்றைக்கே கிடைத்துவிடும். ஏன் என்பதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இப்போது சூலூரில் தெருவுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. விபத்து நடந்த ஐந்தாவது நிமிடம் போட்டோ வந்துவிடுகிறது, பெயர், சாதி, ரத்தம், காரணம் எல்லாம் சேர்த்து. அங்கே சிவப்புப் பேனாவுக்கு இரண்டு விரல் இடம் யாரும் விடுவதில்லை. வேகத்தில் அதனோடு பத்திரிகை போட்டி போட முடியாது, போட்டி போடவும் வேண்டாம். காத்திருந்து, கேட்டு, யார் சொன்னது என்று போட்டு எழுதுவதைத்தான் காசு கொடுத்து வாங்குகிறவர் நம்மிடம் எதிர்பார்க்கிறார். அதையும் விட்டுவிட்டால் அவர் காசு கொடுக்க ஒரு காரணமும் இல்லை.

அதனால் எனக்கு ஒரே ஒரு யோசனை உண்டு, இளம் நிருபர்கள் கேட்டால் சொல்வேன். ஒவ்வொரு நாளிதழும் தன் நடைவிதிகளை ஒரு பக்கத்தில் அச்சிட்டு வருஷத்துக்கு ஒருமுறை வாசகர்களுக்கே கொடுக்க வேண்டும். கைதானவரை எப்படி எழுதுவோம், எந்தப் பெயரை எழுத மாட்டோம், கணக்கை யாரிடம் வாங்குவோம், தப்பு வந்தால் எந்தப் பக்கத்தில் திருத்துவோம் என்று. அப்போது பரபரப்பைக் காணோமே என்று கேட்ட அந்தப் பெரியவர் சிரித்ததோடு நிறுத்த மாட்டார். அந்தத் தாளை எடுத்துப் பார்த்து, நீங்க போட்ட விதிய நீங்களே மீறியிருக்கீங்களே என்று ஆபீசுக்குப் போன் போடுவார். போனை எடுக்கிறவருக்குப் பதில் சொல்லாமல் வைக்க முடியாது.